சிறு வணிகரும் வரி நிலுவையும்

பாண்டியன் அறிவுடை நம்பிக்குப் பிசிராந்தையார் பாடிய பாட்டொன்று புறநானூற்றில் 184 ஆவதாக அமைந்துள்ளது. ஒரு மாவுக்கும் குறைந்த சிறு நிலத்து நெல்லாயினும், அறுத்துக் கவளமாக்கி ஊட்டினால் யானைக்குப் பல நாளைக்கு உணவாகும். பரந்த வயலாயினும், யானை தானே உட்புகுந்து மேயத் தொடங்கின், அது உண்பது சிறிதாகவும் மிதித்து அழிப்பது பெரிதாகவும் முடியும். குடிகளிடத்து இறை கொள்ளும் நெறியறியா அரசனும் அத்தகையன் என்பது அப்பாட்டின் கருத்து.

இப்பாட்டை அரசனுக்குக் கூறிய அறிவுரையாக மாத்திரம் கொள்ளுதல் உரைகாரர்க்கும் மேடைப் பேச்சாளர்க்கும் வழக்கமாகிவிட்டது. ஆயின், வயலுக்குரியவன் அறிய வேண்டுவதும் ஒன்று அதனுள் அடங்கியிருக்கின்றது. உரிய காலத்தில் நெல்லை அறுத்துக் கவளமாக்கிக் கொடாது வாளாவிருப்பவனுடைய வயலிலேதான் யானை புகுகின்றது. வேலியின் புறத்தே யானை நிற்பதைக் கண்டும், கண்ணை மூடிக்கொண்டால் அது போய்விடும் என்று எண்ணுவோர் நம்மிடையே பலர். வரி நிலுவை மிகுந்து கலங்கி நிற்கும் சிறு வணிகரின் நிலை பெரும்பாலும் இதுவே. அவரை அந்நிலையினின்றும் எவ்வாறு மீட்கலாம் என்பதை எடுத்துக்கூறுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். வணிகவியல் கற்பிக்கும் ஆசிரியன் ஒருவன் தன் பழைய மாணவர் ஒருவருக்குத் துணைநின்று கற்றவற்றையும் ஈண்டுச் சேர்த்துக் கூறுவன்.

நிலுவையும் நிலமும்: ஒரு பழைய பாடம்

யானை புகுந்த வயலை நம் நாட்டு வரலாற்றிலேயே காணலாம். பிரித்தானியர் ஆட்சியில் நெல் விளைவின்மேல் தானியவரி விதிக்கப்பட்டிருந்தது. 1878 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் அவ்வரியைப் பணமாகக் கட்டும் முறையை வலியுறுத்தியது. அக்காலத்திலேயே இலை நோயினால் கோப்பிப் பயிர் அழிந்து, மலைநாட்டு உழவர் கையிற் பணப்புழக்கம் அற்றுப்போயிற்று. நெல் உண்டு, பணமில்லை என்ற நிலையில் வரி நிலுவையாயிற்று. 1880 ஆம் ஆண்டுகளிலே நுவரெலியா மாவட்டத்து வலப்பனைப் பகுதியில் சிறு சிறு நிலுவைத் தொகைகளுக்காக வயல்கள் ஏலத்தில் விற்கப்பட்டன. நிலமிழந்த குடும்பங்கள் பசியாலும் பிணியாலும் வருந்தின. அரசாங்க உத்தியோகத்தரே இத்துயரை எடுத்தெழுதினர். இங்கிலாந்திலும் கண்டனம் எழுந்தது. சேர் ஆதர் ஹவ்லொக் தேசாதிபதியாயிருந்தபோது, 1892 இல், அவ்வரியை ஒழிக்கும் சட்டம் நிறைவேறியது.

இவ்வரலாறு இரண்டு உண்மைகளை உணர்த்துகின்றது. வயலை விற்று நிலுவையை அறவிட்ட அரசாங்கம், அடுத்த ஆண்டு அவ்வுழவனிடமிருந்து பெறக்கூடிய வரியையும் இழந்தது என்பது ஒன்று. வரி கொடுக்க இயலாமை பல வேளைகளிற் பொருளின்மையால் வருவதன்று, உரிய நேரத்தில் கையிற் பணமின்மையால் வருவது என்பது மற்றொன்று. சரக்கு நிறைந்த கடையும், பிறரிடம் கடன் நிறைந்த பேரேடும் உடைய வணிகர், வரி கட்டும் நாளில் வெறுங்கையராய் நிற்றல் இன்றும் நாம் காணும் காட்சியேயாம்.

இக்கால நிலை

இலங்கையில் வருமான வரி 1932 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தினால் அறிமுகமாயிற்று. இப்போது நடைமுறையிலுள்ளது 2017 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்க உண்ணாட்டு இறைவரிச் சட்டமும் அதற்குப் பின் வந்த திருத்தங்களுமாகும். 2019 ஆம் ஆண்டின் இறுதியில் வரிகள் பெரிதுங் குறைக்கப்பட்டன. பின்னர் 2022 ஆம் ஆண்டின் பொருளாதார வீழ்ச்சியைத் தொடர்ந்து அவை விரைந்து உயர்த்தப்பட்டன. பெறுமதி சேர் வரி 2022 யூன் 1 இல் நூற்றுக்கு 8 இலிருந்து 12 ஆகவும், அவ்வாண்டு செத்தெம்பர் 1 இல் 15 ஆகவும், 2024 சனவரி 1 இல் 18 ஆகவும் ஏறிற்று. அவ்வரிக்குப் பதிவு செய்ய வேண்டிய ஆண்டு விற்பனை எல்லை 300 மில்லியன் ரூபாவிலிருந்து 2022 ஒற்றோபரில் 80 மில்லியனாகவும், 2024 சனவரியில் 60 மில்லியனாகவும் இறங்கிற்று. வருமான வரியிலே தனியாளுக்கு ஆண்டொன்றுக்கு வழங்கப்பட்ட 30 இலட்சம் ரூபா விலக்கு 2023 சனவரி முதல் 12 இலட்சமாகச் சுருங்கி, 2025 ஏப்பிரலில் 18 இலட்சமாயிற்று.

நேற்று வரிக்கு உட்படாதிருந்த வணிகர் பலர் இன்று அதற்கு உட்பட்டவராயினர். நாணயப் பெறுமதி வீழ்ந்து விலைகள் ஏறியமையால், விற்ற பொருளின் அளவு குறைந்தபோதும் விற்பனைத் தொகை பெருகித் தோன்றிற்று. 'வியாபாரம் படுத்துவிட்டது, எனக்கென்ன வரி?' என்று கடைக்காரர் எண்ணியிருக்க, ஏட்டிலுள்ள எண்கள் வேறு கதை கூறின. நிலுவையுடையோர் யாவரும் ஏய்ப்போர் என்று கருதுதல் எத்துணைத் தவறு என்பதற்கு இதுவே போதிய சான்றாகும்.

மௌனத்தின் விலை

நிலுவை வளரும் முறையை ஒரு கணக்கினால் விளக்குவாம். சிறு வணிகர் ஒருவர் 2022/2023 மதிப்பீட்டு ஆண்டுக்கு 400,000 ரூபா வருமான வரி கட்டவேண்டியவர் என்று கொள்க. அவ்வரியின் இறுதித் தவணை 2023 செத்தெம்பர் 30 இல் கட்டப்படவேண்டும். வருமான விவரத்திரட்டு 2023 நவெம்பர் 30 இல் ஒப்படைக்கப்படவேண்டும். அவர் இரண்டையுஞ் செய்யாது 2025 நவெம்பர் 30 வரை இருந்துவிட்டார்.

2017 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, உரிய காலத்தில் வரியைக் கட்டாமைக்குத் தண்டப்பணம் நூற்றுக்கு 20. அது 80,000 ரூபாவாகும். வட்டி மாதமொன்றுக்கு நூற்றுக்கு ஒன்றரை. வட்டிக்கு வட்டி சேராது என்று வைத்துக் கணித்தாலும், 26 மாதங்களுக்கு வரித்தொகையின்மேல் மாத்திரம் அது 156,000 ரூபாவாகும். மூன்றாவதாக, விவரத்திரட்டை ஒப்படையாமைக்குரிய தண்டம். வரியின் நூற்றுக்கு 5 உம் ஒவ்வொரு மாதத்துக்கும் நூற்றுக்கு 1 உம் ஒருபுறம். 50,000 ரூபாவும் ஒவ்வொரு மாதத்துக்கும் 10,000 ரூபாவும் மறுபுறம். இவற்றுள் எது பெரிதோ அதுவே தண்டம். அதன் உச்ச எல்லை 400,000 ரூபா. நம் வணிகருக்கு முன்னதன்படி 116,000 ரூபாவும் பின்னதன்படி 290,000 ரூபாவும் வருகின்றன. எனவே அவருக்குரியது 290,000 ரூபாவாம்.

வரி 400,000, தாமதத் தண்டம் 80,000, வட்டி 156,000, விவரத்திரட்டுத் தண்டம் 290,000. ஆக மொத்தம் 926,000 ரூபா. காலாண்டுத் தவணைகள் தவறியமைக்குரியவற்றை இதிற் சேர்த்திலேன். கட்டவேண்டிய வரியிலும் இரு மடங்குக்கு மேற்பட்ட இத்தொகையிலே, தனியே மிகப் பெரிய தண்டம் எதற்குரியது என்பதை மாணவர் ஊன்றி நோக்குக. பணமில்லாமைக்குரிய தண்டம் 80,000. ஒரு படிவத்தை நிரப்பிக் கொடாமைக்குரிய தண்டம் 290,000. கையிற் சதமேனும் இல்லாதவரும் விவரத்திரட்டை ஒப்படைக்கலாம். அவ்வாறு ஒப்படைத்திருப்பின், நிலுவையில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு தோன்றியே இராது.

சிறு வணிகரை அழிப்பதில் வரிக்கு உள்ள பங்கிலும் வாய்மூடியிருத்தலுக்கு உள்ள பங்கு பெரிது என்று யான் கூறுவது இது பற்றியே.

பிசுக்கோத்துத் தகரத்துட் கடிதங்கள்

என்னிடம் உயர்தர வகுப்பிற் கணக்கீடு கற்று, அப்பாடத்தில் விசேட சித்தி பெற்ற மாணவர் ஒருவர், தந்தையாருக்குப் பின் அவருடைய இரும்புச் சாமான் கடையை நடத்தி வருகின்றார். ஒருநாள் மாலை அவர் என் வீட்டுக்கு ஒரு பிசுக்கோத்துத் தகரத்தோடு வந்தார். அதனுள்ளே பதினொரு கடிதங்கள் இருந்தன. அவற்றுள் நான்கு மாத்திரமே திறக்கப்பட்டிருந்தன. "சேர், இதுகளைத் திறக்கப் பயமாக் கிடக்கு, வீட்டிலயும் ஒருத்தருக்கும் சொல்லேல்லை" என்றார். பேரேட்டை எழுதவும் ஐந்தொகையைச் சமப்படுத்தவும் அவருக்குக் கற்பித்த யான், உறையொன்றைத் திறக்கும் துணிவை அவருக்குக் கற்பித்திலேன் என்பதை அன்றுதான் உணர்ந்தேன்.

அன்றிரவு யாம் இருவரும் செய்தவற்றை முறைப்படுத்திக் கூறின், பிறர்க்கும் அவை பயன்படும்.

முதலாவது, கடிதங்கள் யாவற்றையும் திறந்து திகதி ஒழுங்கில் அடுக்கினோம். ஒவ்வொன்றிலும் எந்த வரி, எந்த ஆண்டு, எவ்வளவு, எந்நாளுக்குள் மறுமொழி என்னும் நான்கினையும் ஒரு தாளில் எழுதினோம். அவர் மனத்திலே 'பெரிய கடன்' என்று இருந்தது தாளிலே நான்கு வரிசைகளாகச் சுருங்கிற்று. அச்சத்துக்கு உருவமில்லை, எண்ணுக்கு உருவமுண்டு.

இரண்டாவது, அக்கடிதங்களின் தன்மையைப் பகுத்தோம். விவரத்திரட்டு வராதவிடத்துத் திணைக்களம் தனக்குக் கிடைத்த தகவல்களைக்கொண்டு தானே ஒரு மதிப்பீட்டைச் செய்யலாம். அது வணிகரின் உண்மையான இலாபத்தை அறிந்து செய்யப்பட்டதன்று. ஆகலின் உண்மையிலும் கூடியதாயிருத்தல் உண்டு. மதிப்பீட்டோடு உடன்படாதவர், அது தமக்கு அறிவிக்கப்பட்டு 30 நாளுக்குள் நிருவாக மீளாய்வு வேண்டி எழுத்தில் விண்ணப்பிக்கலாம். அம்முடிவோடும் உடன்படாதவர், 2011 ஆம் ஆண்டின் 23 ஆம் இலக்கச் சட்டத்தினால் அமைந்த வரி மேன்முறையீட்டு ஆணைக்குழுவை 30 நாளுக்குள் நாடலாம். நம் மாணவரின் தகரத்துள் அத்தகைய மதிப்பீடுகள் இரண்டு இருந்தன. ஒன்றுக்கு இன்னும் ஒன்பது நாள் எஞ்சியிருந்தது. மற்றொன்றுக்கு எல்லை பத்து நாளுக்கு முன் கடந்துவிட்டது.

முன்னதற்கு விண்ணப்பித்தோம், விவரத்திரட்டையும் உரிய பற்றுச்சீட்டுகளையும் ஒருங்கே சமர்ப்பித்தோம். சில மாதங்களின் பின் மதிப்பீடு அவர் கணக்கையொட்டித் திருத்தப்பட்டது. பின்னதற்குத் தாமதத்தின் காரணத்தை விளக்கி எழுதினோம்; அஃது ஏற்கப்படவில்லை. திறவாத உறையொன்றிலே கழிந்த அப்பத்து நாளின் விலையை அவர் இன்றும் மாதந்தோறும் கட்டி வருகின்றார்.

மூன்றாவது, ஒப்படையாத விவரத்திரட்டுகள் யாவற்றையும் ஒப்படைத்தோம். பணம் சேர்ந்த பின் படிவத்தைக் கொடுக்கலாம் என்று அவர் எண்ணியிருந்தார். மேலே காட்டிய கணக்கு அவ்வெண்ணத்தின் தவற்றைப் புலப்படுத்தும். படிவம் முன், பணம் பின். இவ்வேலையிற் கணக்குகளை மறைத்தலும் பழைய திகதியிட்டுப் புதிய சிட்டைகள் எழுதுதலும் ஒருபோதுங் கூடா. நிலுவை என்பது கடன்; பொய்க்கணக்கு என்பது குற்றம். கடனாளியாய் இருப்பவரைக் குற்றவாளியாக்கும் 'உதவி'யைச் செய்ய முன்வரும் தரகர் எங்கும் உளர். 'ஆளைப் பிடித்து அலுவலை முடித்துத் தருவோம்' என்பாரை வாசலோடு அனுப்பிவிடுதல் நன்று.

எவர் பணம் எது?

நான்காவது செயல் பணத்தைப் பிரித்தறிதல். வணிகரின் பெட்டியில் உள்ள பணம் முழுவதும் அவருடையதன்று. பெறுமதி சேர் வரிக்குப் பதிவு செய்தவர் வாடிக்கையாளரிடம் பெறும் வரி, அரசாங்கத்துக்கென அவர் கையில் தங்கியிருக்கும் பணமாகும். ஊழியரின் வேதனத்திற் கழித்த வரியும் அத்தகையதே. 1958 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கச் சட்டத்தின்படி ஊழியர் சேமலாப நிதிக்கு ஊழியரின் வேதனத்தில் நூற்றுக்கு 8 கழித்து, தொழில்கொள்வோர் நூற்றுக்கு 12 சேர்த்துச் செலுத்தவேண்டும். ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்குத் தொழில்கொள்வோர் நூற்றுக்கு 3 செலுத்தவேண்டும்.

நெருக்கடி வந்தபோது வணிகர் முதலில் எடுத்துச் செலவிடுவது இப்பணங்களையே. வங்கி முகாமையாளர் தொலைபேசியில் அழைக்கின்றார். சரக்குத் தந்தவர் கடைவாசலில் வந்து நிற்கின்றார். பின்திகதியிட்ட காசோலை நாளை வங்கிக்குப் போகின்றது. அரசாங்கமோ நேரில் வந்து நிற்பதில்லை. ஆகவே குரலெழுப்பாத கடன்காரருக்குரியதை எடுத்துக் குரலெழுப்புவோருக்குக் கொடுப்பது இயல்பாகிவிடுகின்றது. ஈற்றில் குரலெழுப்பாதிருந்தவர் எழுந்து வரும்போது, அவர் கையிலுள்ள அதிகாரம் மற்றெவரிடமும் இல்லாதது. வரி நிலுவையாளருக்குக் கொடுக்கவேண்டிய பணத்தைத் தன்னிடம் செலுத்துமாறு அவருடைய வங்கிக்கும் அவரிடம் கடன்பட்டோர்க்கும் அறிவித்தல் கொடுக்கத் திணைக்களத்துக்குச் சட்டம் இடந்தருகின்றது. சொத்தைக் கைப்பற்றவும், நாட்டை விட்டு வெளியேறாது தடுக்கவும் வழிகளுண்டு. வங்கிக் கணக்கு ஒருநாள் முடங்கினால் கடையின் நம்பிக்கை ஊர் முழுவதும் முடங்கும். யானையின் அடி அங்கேதான் விழுகின்றது.

ஆகவே, பிறர்க்குரிய பணத்துக்கெனத் தனியான வங்கிக் கணக்கொன்றைத் திறத்தல் வேண்டும். வாரந்தோறும், சிறுதொகையாயினும், அதிலே இடுதல் வேண்டும்.

தவணை வேண்டும் முறை

ஐந்தாவது செயலே எல்லாவற்றிலும் நுண்ணியது. நியாயமான காரணம் காட்டுபவருக்கு வரி கட்டுதற்குரிய காலத்தை நீட்டவும், தவணைகளாகக் கட்ட அனுமதிக்கவும் ஆணையாளர் நாயகத்துக்கு அதிகாரமுண்டு. அதனை எழுத்தில் வேண்டல் வேண்டும். 'எவ்வளவு கட்டலாம்?' என்ற வினாவுக்கு விடை, கடையின் மாதக் கணக்கிலிருந்தே வரவேண்டும். அச்சத்திலிருந்தோ ஆசையிலிருந்தோ வரலாகாது.

மேலே கண்ட 926,000 ரூபா நிலுவைக்காரரையே மீண்டும் எடுத்துக்கொள்வாம். அவருடைய மாத விற்பனை 1,600,000 ரூபா. விற்ற பொருளின் கொள்விலை 1,280,000. மொத்த இலாபம் 320,000. கடை வாடகை 30,000. இரண்டு உதவியாளரின் சம்பளமும் நிதிகளும் 95,000. மின்சாரம், ஏற்றுகூலி முதலியன 25,000. இவை போக எஞ்சுவது 170,000. வீட்டுச் செலவு 90,000 உம் வங்கிக் கடன் தவணை 40,000 உம் கழிய, 40,000 நிற்கும். நடப்பாண்டு வரிக்கென 5,000 ஒதுக்கினால் 35,000 மிஞ்சும்.

இவர் மாதம் 60,000 கட்டுவதாக எழுதிக்கொடுத்தால், அலுவலர் மகிழ்வர், மூன்றாம் மாதம் தவணை தவறும், ஒழுங்கு முறியும், அடுத்த வேண்டுகோளை எவரும் நம்பார். முழு 35,000 ஐயும் வாக்களித்தலும் தக்கதன்று. மழைக்காலத்திற் கட்டட வேலை நிற்கும்போது இரும்புக்கடை விற்பனை குன்றும். 25,000 வாக்களித்து, 10,000 ஐக் குறைந்த மாதத்துக்கெனச் சேர்த்து வைத்தலே தகும். ஆயினும், 926,000 ஐ 25,000 வீதம் கட்ட 37 மாதங்கள் செல்லும். அத்துணை நீண்ட தவணை கிடைத்தல் அரிது. எனவே தொடக்கத்தில் ஒரு தொகையைத் திரட்டல் வேண்டும். ஓராண்டுக்கு மேலாக விலைபோகாத சரக்கை வந்த விலைக்கு விற்றும், வெளியில் நிற்கும் கடன்களை வசூலித்தும் 200,000 ரூபா சேர்ந்ததென்க. அதனை முதலிற் கட்டினால், மிகுதி 726,000. அது 29 மாதங்களுக்குச் சற்று மேற்பட்ட காலத்தில் முடியும். ஓடும் வட்டிக்கு இன்னுஞ் சில மாதங்கள் வேண்டும்.

தண்டப்பணத்தைக் குறைக்குமாறு காரணங் காட்டி வேண்டலாம். அது கிடைத்தால் ஊதியம். கிடைக்கும் என்று எண்ணித் திட்டமிடுதல் கூடாது. அலுவலகத்துக்கு நேரிற் செல்லும்போது மாதக் கணக்கு, வங்கிக் கூற்று, முதற் தொகைக்குரிய காசோலை ஆகிய மூன்றினையும் கொண்டுசெல்க. சென்றதன் பின், யாரைக் கண்டது, எந்நாள், என்ன முடிவு என்பவற்றை எழுதி, அதனையே கடிதமாக அனுப்பிப் பிரதியை வைத்துக்கொள்க. அலுவலரும் நம்மைப் போன்ற மனிதரே. அழுகையையும் ஆத்திரத்தையும் நாள்தோறும் காண்பவர்க்கு ஒரு தாளில் ஒழுங்காக எழுதிய எண்கள் ஆறுதல் தருவன.

இவையனைத்துக்கும் மேலான விதி ஒன்றுண்டு. பழைய நிலுவையைக் கட்டும்போது புதிய நிலுவை பிறத்தலாகாது. நடப்பு வரியை விட்டுவிட்டுப் பழைய வரியைக் கட்டுபவர், ஓட்டைத் தோணியில் இருந்து நீர் இறைப்பவரை ஒப்பர்.

மீட்கக்கூடாத கடை

எல்லாக் கடையையும் காப்பாற்றலாம் என்று கூறுதல் உண்மையாகாது. மேலே செய்தவாறு கணக்கிட்டபின் மாத முடிவில் மிச்சமின்றிக் குறையே தோன்றுமாயின், தவணை என்பது மரணத்தைத் தள்ளிப்போடுதலேயாம். அவ்விடத்துத் துணைசெய்வோர் கடமை, 'கடையை ஒழுங்காக மூடுவோம்' என்று சொல்லும் துணிவு பெறுதல். சரக்கை விற்று, ஊழியர்க்குரியதையும் அரசாங்கத்துக்குரியதையும் கூடியமட்டும் தீர்த்து, பதிவை முறைப்படி நீக்குதல் அவமானமன்று. பதிவை நீக்காது கதவை மாத்திரம் மூடினால், விவரத்திரட்டுக் கடமை பின்தொடர்ந்து வரும்.

இங்கு நம் சமுதாயத்துக்கே உரிய ஓர் ஆபத்தையும் குறிப்பிடல் வேண்டும். தனியாள் வணிகத்திற் கடைக்கும் வீட்டுக்கும் இடையே சட்டம் சுவரெழுப்புவதில்லை. கடையின் கடன் கடைக்காரரின் கடனே. நெருக்கடியில் முதலில் வங்கி அடைவுக்குப் போவது மனைவியின் தாலிக்கொடி. அடுத்து ஈடு வைக்கப்படுவது அவளுடைய சீதனக் காணி. தேசவழமையின்படி சீதனம் மனைவியின் தனியுடைமை. அதனை எடுக்குமுன் அவளுக்கு முழுக் கணக்கையுங் காட்டுதல் கணவனின் கடமை. இழப்பில் ஓடும் கடைக்காகச் சீதனத்தை இடுதல், ஒரு தலைமுறையின் தவற்றை அடுத்த தலைமுறையின் தலையில் ஏற்றுவதாகும். நம் மாணவர் அன்றிரவே வீடு சென்று மனைவியிடம் யாவற்றையுஞ் சொன்னார். இப்போது கடையின் வாரக் கணக்கை எழுதுபவர் அவ்வம்மையாரே. கடிதங்களையும் அவரே திறக்கின்றார்.

ஆசிரியர்க்கும் பழைய மாணவர்க்கும்

நம் பாடசாலைகளிலே கணக்கீடு கற்பிக்கின்றோம். வணிகச் சட்டத்தின் கூறுகளையும் கற்பிக்கின்றோம். பரீட்சை வினாத்தாளில் 'வரி ஏற்பாடு' என்பது சீராக்கங்களுள் ஒரு வரியாக வந்து போகின்றது. அது ஒருநாள் பதிவுத் தபாலில் உறையாக வந்து வீட்டு வாசலில் நிற்கும் என்பதை மாணவன் அறிவதில்லை. உயர்தர வகுப்பிலே ஒரு பாடவேளையில், மாதிரி விவரத்திரட்டு ஒன்றை நிரப்பவும், மாதிரி மதிப்பீட்டுக் கடிதமொன்றை வாசித்து 30 நாள் எல்லையைக் கண்டு குறிக்கவும் பயிற்றுதல் அரிதன்று. கணக்காளராயும் சட்டத்தரணிகளாயும் விளங்கும் பழைய மாணவர்கள், ஆண்டில் ஒருநாளேனும் கல்லூரி மண்டபத்தில் அமர்ந்து, சிறு வணிகரின் கடிதங்களை வாசித்து வழிகாட்டுவாராயின், அது பெருந்தொண்டாகும். மதிப்பீட்டுக்கெதிரான மேன்முறையீடு, பெருந்தொகையான பெறுமதி சேர் வரி நிலுவை முதலியவற்றில் ஆசிரியனாகிய என்போல்வார் துணை போதாது. தகுதிபெற்ற கணக்காளரின் துணையே வேண்டும்.

இதனை வாசிப்போருள் எவர் வீட்டிலேனும் அத்தகைய தகரமொன்று இருக்குமாயின், அதனை இன்றே திறக்குமாறு வேண்டுகின்றேன். தனியே திறக்க அஞ்சினால், நம்பிக்கையான ஒருவரை அருகிருத்திக்கொள்க. எம் மாணவருக்கு இன்னும் பதினான்கு தவணைகள் உள. ஒவ்வொரு மாதமும் தவணையைக் கட்டியபின் பற்றுச்சீட்டைப் பழைய தகரத்துள்ளேயே அவர் இட்டு வருகின்றார்.